பேஸ் அதிகமாக அதிர்கிறதா? ஸ்பீக்கரை மாற்றும் முன் ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் ஸ்பீக்கர் வாங்கிச் செல்பவர்களில் பலர் சில வாரங்களில் ஒரே குறையைச் சொல்லித் திரும்பி வருகிறார்கள். கடையில் தெளிவாக ஒலித்த பாட்டு, வீட்டில் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) மிகுந்து கும்மென்று அடைத்துக்கொள்கிறது. பாடகரின் குரல் அமுங்கிப்போகிறது. பீரோ கதவும் பரணில் அடுக்கிய பாத்திரங்களும் அதிர்கின்றன. அந்த ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்தப் பழுதும் இருப்பதில்லை. அறையின் அளவும் ஸ்பீக்கர் வைத்திருக்கும் இடமுமே காரணமாக இருக்கின்றன. இதைச் சரிசெய்வதற்குச் செலவு ஏதும் தேவையில்லை என்பதால், வேறு பொருள் வாங்க நினைக்கும் முன் இந்த மடலைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு) பேஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நம் வீட்டு அறைகள் பலவற்றைவிட அது நீளமானது. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் இந்த அலையை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்புகின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டால், போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து அந்த ஒரு சுருதியை மட்டும் ஊதிப் பெரிதாக்கிவிடும். பத்து அடி அகல அறையில் அது சுமார் 56 ஹெர்ட்ஸில் நிகழ்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதால், பாட்டில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அறையே முழங்குகிறது. பத்துக்குப் பத்து அறையில், கூரையும் பத்தடி உயரத்தில் இருந்தால், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே சுருதியைத் தூக்கிவிடும். நாங்கள் பார்த்தவரை மிகவும் தொல்லை தருவது இந்த அமைப்புதான்.

பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ் மேலும் கீழும் நகரும் இடத்தைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு சுருதிகள் மட்டும் வீங்கி ஒலித்தால் காரணம் அறை. பேஸ் முழுவதும் ஒரே சீராகக் கனத்திருந்தால் செட்டிங்கையோ சுவருக்கு அருகில் வைத்திருப்பதையோ சந்தேகிக்கலாம்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். மூலையில் வைத்த ஸ்பீக்கருக்குத் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து பேஸைக் கூட்டிக் கொடுக்கின்றன. பின்சுவரிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி முன்னால் இழுத்து வையுங்கள். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் சமமாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். டிவி ஷோகேஸ் தட்டுக்குள் அடைத்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும். பெட்டியின் பின்புறம் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கரை நகர்த்தவே வழியில்லை என்றால், அத்துளையில் ஃபோம் உருளையையோ சுருட்டிய காலுறையையோ செருகினால் பேஸ் கணிசமாகக் குறையும்.

நீங்கள் உட்காரும் இடமும் இதே அளவுக்கு முக்கியம். சுவரை ஒட்டித்தான் பேஸின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நம் வீடுகளிலோ சோபா எப்போதும் சுவரை ஒட்டியே கிடக்கிறது. அதை இரண்டடி முன்னால் நகர்த்திப் பாருங்கள். ஆனால் அறையின் சரிநடுவுக்கு வந்துவிடாதீர்கள்; அங்கே சில சுருதிகள் கேட்காமலே போய்விடும். பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வைத்திருப்பவர்கள், அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட விட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து வாருங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ, அதுவே சப்வூஃபருக்கு ஏற்ற இடம்.

அடுத்து செட்டிங். கைபேசியில் பேஸ் பூஸ்ட், டிவியில் ஒரு மோட், ஆம்ப்ளிஃபயரில் பேஸ் திருகி என்று ஒரே பேஸை மூன்று இடங்களில் கூட்டி வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். மெல்லிய ஒலியில் நம் காதுக்கு பேஸ் குறைவாகவே எட்டும் என்பதை 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதை ஈடுகட்டத்தான் லவுட்னஸ் பொத்தான் இருக்கிறது. வால்யூமைக் கூட்டும்போது அதை அணைத்துவிட வேண்டும். சப்வூஃபரின் கிராஸ்ஓவரை (எந்தச் சுருதிவரை அது ஒலிக்க வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸ் அருகே வைத்துத் தொடங்குங்கள். 150-க்கு ஏற்றினால் ஆண்குரலின் அடிப்பகுதியும் அதில் போய்ச் சேர்ந்து குரல் கரகரத்துத் தடித்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ஒரு சுருதி மட்டும் துருத்திக்கொண்டிருந்தால், ஈக்வலைசரில் (ஒவ்வொரு சுருதிப் பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியில்) அந்த அலைவரிசையை மட்டும் சில டெசிபல் இறக்குங்கள்.

சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஃபோம் ஷீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடையிலும் அது விற்பனைக்கு உண்டு. ஆனாலும் இந்தக் குறைக்காக அதை வாங்க வேண்டாம். 56 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே ஐந்து அடி நீளம். ஒரு அங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. மேல் சுருதிகளை மட்டும் அது உறிஞ்சிவிடுவதால் பேஸ் முன்னிலும் கனமாகத் தோன்றும். மூலையில் நிறுத்தி வைத்த கனமான பஞ்சு மெத்தைகூட அதைவிட ஓரளவு பயன்படும்.

இவற்றைச் செய்தும் சரியாகவில்லை என்றால், அறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அடிக்கணக்கில் குறித்து, ஸ்பீக்கரும் சோபாவும் இருக்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்து கொண்டு வாருங்கள். ஸ்பீக்கரைத் தூக்கி வர வேண்டாம். அந்தப் படத்தை வைத்து எதை எங்கே நகர்த்தலாம் என்று கட்டணமின்றிச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்