பரிசோதனைக்கு முன்பே பேசுங்கள்: கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்ட நிர்வாகங்களுக்கும் வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் என்று முதல் நாள் மாலை ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள். மறுநாள் கூட்டம் இல்லை. பெண்களுக்கு அக்கறையில்லை என்று அறிக்கையில் எழுதுவது நியாயமே அல்ல. வேலை நாளில் வந்தால் கூலி போகும். அதைவிட, அறைக்குள் என்ன செய்வார்கள் என்பதே தெரியாது. "கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களாம்" என்ற பேச்சு தொழிலாளர் லயன் வீடுகள் முழுக்க ஓடும்போது பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

ஒரு வாரம் முன்பே, கொழுந்து எடை போடும் இடத்தில், பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேச அனுமதி கொடுங்கள். படம் மட்டும் போதாது. கருப்பைவாயைப் பார்க்க உள்ளே வைத்து விரிக்கும் கருவியான ஸ்பெகுலம், சுத்தமானது ஒன்றைக் கையில் கொடுத்தால் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். ஊசி இல்லை, கத்தி இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். லேசாக எரியலாம். அதை மறைக்காதீர்கள், முதலில் போனவர் வெளியே வந்து சொன்னதும் வரிசையே கலைந்துவிடும். பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் அவர்கள் பேச்சிலேயே பேசும் பெண் ஒருவர் இதைச் சொல்ல வேண்டும்.

30 வயதிலிருந்து வரச் சொல்லுங்கள். மாதவிடாய் நாளில் பார்ப்பதில்லை என்பதால், பத்து நாள் கழித்து இன்னொரு தேதியையும் சேர்த்தே அறிவியுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் தானாக மறுபடி வருவது அபூர்வம். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இம்முறையில் சரியாகத் தெரியாது. வேறு பரிசோதனைக்கு வழிகாட்டுங்கள்.

செவிலியர்களுக்கும் ஒன்று: 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்துக்கு 95 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அன்றன்று கலந்தது. கலக்காத அமிலம் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிடம் பொறுக்காமல் பார்த்தால் திட்டு தெரியாமலே போகும்.

வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறும் முன்பே சரிசெய்துவிடலாம். முடிவு கைக்கு வந்தபின் இதைச் சொன்னால் காதில் ஏறாது, முன்பே சொல்லியாக வேண்டும். மேல் பரிசோதனைக்கு ஊட்டி போ என்று சீட்டு மட்டும் கொடுத்தால், கூடலூரிலிருந்தே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு ஆள் என்று எல்லாம் சேர்ந்து அந்தச் சீட்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பும் தோட்ட வண்டியும் கொடுங்கள்.

அடுத்த முகாம் தேதியைக் குறிக்கும் முன், எந்த டிவிஷனில் எந்த நாள் கொழுந்து குறைவு என்று மேஸ்திரிகளிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதை வைத்துப் பேச வரும் நாளை முடிவு செய்கிறோம்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர் பகுதி சுகாதாரக் களப்பணியாளர்கள்