கோயில் வெயில் காப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். சித்திரைத் திருவிழாவுக்குள் முடிக்கும்படி பொதுக்குழு ஒப்படைத்த வேலைகள் நிறைவடைந்தன. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தபின், வெயிலை விழா ஏற்பாட்டில் சேர்க்காமல் விடுவதற்கில்லை.

நிதியில் பெரும்பகுதி அன்னதானக் கூடத்தின் மேல்தளத்துக்கே போனது. இன்னும் சில மின்விசிறி மாட்டலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய காங்கிரீட், மாலைப் பந்தி நேரத்தில்தான் அதைக் கீழே இறக்கும். விசிறி அந்தச் சூட்டைச் சுற்றிவிடுமே தவிரக் குறைக்காது. காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் உடம்பை இன்னும் சூடாக்கும்.

எனவே தளத்துக்கு வெள்ளைப் பூச்சு. முதலில் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, மழைநீர்க் குழாய் வாய்களைத் திறந்துவிட்டோம். கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் சுண்ணாம்பை நீற்றி, 24 மணி நேரம் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த பசை சேர்க்கப்பட்டது. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். உப்பு சேர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கம்பி கட்டிய தளத்தில் அது துருவை அழைக்கும் வேலை. தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்தபின் மெல்லிய மூன்று கோட் அடித்தோம். உச்சி வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு இறுகுமுன்பே காய்ந்து, கைபட்டால் மாவாக உதிரும்.

வெளிப் பிராகாரக் கருங்கல்லில் பெயின்ட் அடிக்கவில்லை. கல்வெட்டுகளைக் கெடுக்கும், ஈரத்தில் வழுக்கும். அங்கே தேங்காய் நார் விரிப்பு போட்டு, காலை 11 முதல் மாலை 4 வரை தண்ணீர் தெளிக்க ஆள் வைத்திருக்கிறோம். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பு மலிவுதான், ஆனால் காலைச் சுடும். இணைப்புகளைத் தைத்துவிட்டோம், இல்லையென்றால் மடிந்த ஓரம் முதியவர்களின் காலை வாரும். இரவில் விரிப்பைத் தூக்கி உலர்த்தாவிட்டால் மக்கி நாறும். வாசல் சிமென்ட் பாதைக்கு மட்டும் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட், வழுக்காமல் இருக்கக் குவார்ட்ஸ் மணல் தூவி அடித்தது.

தண்ணீர்ப் பந்தலில் மண்பானைகள் காற்றோட்டமான நிழலில் உள்ளன. மூலையில் அடைத்து வைத்தால் பானை குளிராது. தொட்டி நீர் 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும் என்பதால் அளவை மட்டும் நம்ப வேண்டாம். அரை மணி கழித்துச் சோதனைக் கருவியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். நீர்மோருக்கும் இதே தண்ணீர்தான். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவு தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். 24 மணி நேரம் கடந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

முதலுதவித் திண்ணைக்கு நிழல் கூரை, தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பெட்டி தயார். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தீர்த்தமானாலும் சரி.

தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கை அலுவலகத்தில் பார்க்கலாம். புழுதியும் மழையும் சுண்ணாம்பின் வெண்மையைக் குறைக்கும். ஆண்டுதோறும் மாசிக்குள் ஒரு கோட் அடிக்க வேண்டும். அதற்கான தொகை தனிக் கணக்கில் ஒதுக்கப்பட்டுள்ளது.

இவண்,
திருப்பணிக் குழு