அமிலத்தைக் கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரசாயன டேங்கர் லாரி கவிழ்ந்த செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. தீயணைப்பு வண்டி வந்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சாலையைக் கழுவினார்கள், போக்குவரத்து சீரானது. மற்ற ஊர்களில் எப்படியோ, காவிரி டெல்டாவில் இதைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. இங்கே சாலைப் பள்ளம் வாய்க்காலில் போய் விழும், வாய்க்கால் வயலுக்குப் போகும், மிச்சம் குளத்துக்கும் வடிகாலுக்கும் போகும். ஆகவே எரியவும் அரிக்கவும் கூடிய திரவம் கொட்டினால், ஆட்களை விலக்கிய கையோடு தண்ணீர் ஓடும் வழியை அடைத்துவிட வேண்டும். ஹோஸைத் திறப்பது அதற்குப் பிறகுதான். மாவட்ட நிர்வாகமும் தீயணைப்புத் துறையும் நீர்வளத்துறையும் இந்த வரிசையை எழுதி வைத்துப் பழக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

கிளேசியல் அசிட்டிக் அமிலத்தையே, அதாவது தண்ணீர் ஏறக்குறைய கலக்காத அடர் அசிட்டிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். சாயப் பட்டறை முதல் மருந்து ஆலை வரை பயன்படும் சரக்கு. வினிகர் வாடை அடிப்பதால் சாதுவானது என்று பலரும் நினைக்கிறார்கள். தோலில் பட்டால் வெந்துவிடும். அதன் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, 39 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலில் கொட்டினால் சட்டென்று பற்றாது. சித்திரை வெயிலில், மதியம் கொதிக்கும் தார்ச்சாலையில் கொட்டினால் ஒரு பொறி போதும். அதன் ஆவி காற்றைப்போல் இரண்டு மடங்கு கனம். அதனால் மேலே கலையாமல் தரையோடு தவழ்ந்து சாலைப் பள்ளத்திலும் சிறுபாலத்தின் குழாய்க்குள்ளும் தங்கும். குழாயின் மறுமுனையில் யாராவது பீடி பற்றவைத்தால் தீ லாரி வரைக்கும் ஓடி வரும். எதிரே டீக்கடை அடுப்பு எரிந்தாலும் அதே கதைதான். சாலையில் நெல் காயவைக்கிற காலத்தில் பக்கத்திலேயே வைக்கோலும் கிடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

முதலில் செய்ய வேண்டியது படிப்பது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 134-ஆம் விதிப்படி, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியின் இரு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், சரக்கை அடையாளம் காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில், வகைக் குறியீடு 250 மில்லிமீட்டர் சதுரத்தில், கூடவே அவசரத் தொலைபேசி எண். கிளேசியல் அசிட்டிக் அமிலத்தின் எண் 2789. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, தொலைவிலிருந்தே செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண் தெரியும். கிட்டே போக வேண்டியதில்லை. 112-ஐ அழைக்கும்போது ‘ஆசிட் வண்டி’ என்று மட்டும் சொல்லாமல் இந்த நான்கு இலக்கத்தைச் சொல்லுங்கள். அசிட்டைல் குளோரைடும் எரியும், அரிக்கும்; ஆனால் அதன்மேல் தண்ணீர் பட்டால் சீறிக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். ஒன்றுக்குச் செய்வதை மற்றொன்றுக்குச் செய்தால் உயிர் போகும்.

எதைக்கொண்டு அணைப்பது, கொட்டியதை என்ன செய்வது என்று ஓர் எண்ணாலும் எழுத்தாலும் சொல்லும், பலகையில் இருக்கும் ஹேஸ்கெம் குறியீட்டை டெல்டாவில் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். எண் 1 என்றால் தண்ணீரைப் பெருந்துளியாகத் தெளிப்பது, 2 என்றால் மென்தூவல், 3 நுரை, 4 உலர்பொருள். எழுத்து பி, ஆர், எஸ், டி-யில் ஒன்றானால் நீர்த்துப்போகச் செய்து கழுவிவிடலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்றால் ஓடவிடாமல் தேக்க வேண்டும். அசிட்டிக் அமிலம் முதல் குழுவில் வருகிறது. இந்தக் குறியீடு பிரிட்டனில் உருவானது. சாக்கடையில் ஏராளமான தண்ணீரோடு கலந்துவிட்டால் தீங்கு குறையும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சாக்கடை இருக்கும் இடத்தில் பாசன வாய்க்கால் இருக்கிறது. குறியீடு கழுவச் சொன்னாலும் இங்கே தேக்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் ஆட்களை விலக்க வேண்டும். டேங்கரே தீயில் சிக்கியிருந்தால் 800 மீட்டர். குடம், பக்கெட்டோடு பிடித்துக்கொள்ள வருகிறவர்களைக் காவல்துறை முதல் நிமிடத்திலேயே தடுக்க வேண்டும். துத்தநாகப் பூச்சு போட்ட தகர வாளியில் இந்த அமிலத்தைப் பிடித்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பது பலருக்குத் தெரியாது.

இனி அணை போடுகிற வேலை. டேங்கரில் 20,000 லிட்டர் சரக்கு இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள சாலைப் பள்ளத்தில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு மண்ணணை போட்டால் அந்த அளவு சரியாகக் கொள்ளும். தண்ணீரும் அடிக்கப் போகிறோம் என்றால் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். ஆற்று மணல் கசியும். வயல் களிமண் கசிவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்காக ஆற்றங்கரைகளில் அடுக்கும் மணல் மூட்டைகளை வரிசையாக வைத்து, உள்பக்கம் களிமண்ணை மிதித்துப் பூசி, அதன்மேல் பாலித்தீன் தார்ப்பாயை விரித்தால் சில மணி நேரம் தாங்கும். தார்ப்பாய்க்கு எங்கும் போக வேண்டாம், பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கும். ஜேசிபி-யைக் கூப்பிடலாம். ஆனால் ஆவி பரவிய இடத்துக்குள் அதன் எஞ்சின் போகக்கூடாது. காற்றுக்கு மேல்பக்கம், 50 மீட்டருக்கு அப்பால் நின்றுதான் வெட்ட வேண்டும். எண்ணெய்க் கசிவுக்குப் போடும் மிதவைத் தடுப்பு இதற்கு உதவாது. எண்ணெய் மிதக்கும், இந்த அமிலம் தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும்.

அதற்குள் வாய்க்காலில் இறங்கிவிட்டதென்றால், மதகுகளைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரைத்தான் தேட வேண்டும். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரில் கலந்தது ஒரு மணி நேரத்தில் 1.8 கிலோமீட்டர் போய்விடும். வாய்க்கால் தொடங்கும் இடத்துத் தலைப்பு மதகையும் கீழே உள்ள ஷட்டரையும் சேர்த்து அடைக்க வேண்டும். கீழே மட்டும் அடைத்தால் தண்ணீர் ஏறிக் கரை வழிந்து வயலுக்குள் பாயும். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அதற்கு மேலே நிறுத்தினால் ஒரே ஓட்டத்தோடு போகும், தாண்டவிட்டால் மூன்று ஆறுகளின் பாசனத்திலும் தேட வேண்டியிருக்கும். எந்த ஷட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எண் என்ன என்பது எல்லாத் தீயணைப்பு நிலையத்தின் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும். வாய்க்கால் வறண்டிருக்கும் கோடையில் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். காய்ந்த மணல் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு மீட்கவே முடியாது.

கொட்டியதன்மேல் எதைப் போடுவது என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. அரிசி ஆலை உமி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, ஆனால் போடக்கூடாது. உமியும் மரத்தூளும் அமிலத்தை உறிஞ்சி விளக்குத் திரிபோல் நின்று எரியும். கொட்டியது அடர் நைட்ரிக் அமிலமாக இருந்தால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். உமிச்சாம்பலும் வேண்டாம், அதன் உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். சுண்ணாம்பு போடலாம், நீற்றிய சுண்ணாம்பு மட்டும். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த, நீற்றாத சுண்ணாம்பில் ஈரம் பட்டாலே கொதிக்கும். அந்தச் சூட்டில் ஆவி இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ அமிலத்துக்கு 620 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, அல்லது 880 கிராம் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்). முழு டேங்கரையும் சாலையிலேயே முறிக்க 13 டன் சுண்ணாம்பு வேண்டும், அது நடக்காத காரியம். ஆகவே தேங்கியதை மாற்று டேங்கருக்கு ஏற்றுவதே முக்கிய வேலை. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பு, பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கேஸ்கெட், இரண்டு வண்டிகளுக்கும் எர்த் இணைப்பு, இந்த மூன்றும் இல்லாமல் பம்பை ஓட்டக்கூடாது. அவசரத்துக்குக் கழிவுநீர் லாரியைக் கொண்டு வருவார்கள். இரும்புத் தொட்டியை அமிலம் அரித்து உள்ளே ஹைட்ரஜன் சேரும், அது நடமாடும் வெடிகுண்டுதான். பள்ளத்தில் ஒட்டிய மிச்சம் 200 லிட்டர் என்றால் 25 கிலோ சுண்ணாம்பு மூட்டை ஆறு போதும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 6-க்கும் 9-க்கும் இடையில் வரும்வரை பார்க்க வேண்டும். சோடா சாம்பலானால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு பொங்கும். மொத்தமாகக் கொட்டினால் அமிலம் முகத்தில் தெறிக்கும்.

தீப்பிடித்துவிட்டால் நேர் ஜெட் அடிக்கக்கூடாது. அது எரிகிற திரவத்தைத் தள்ளிப் பரப்பும். மென்தூவலால் டேங்கரைக் குளிர்விக்கலாம், திரவத்தையும் நீர்க்கச் செய்யலாம். எடையில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய அசிட்டிக் அமிலத்தைப் போக்குவரத்து விதிகள் தீப்பற்றும் வகையில் சேர்ப்பதில்லை; நாலு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தாலே அந்த அளவு வந்துவிடும். பெட்ரோலுக்கு அடிக்கும் சாதாரண நுரை இங்கே நிற்காது. குமிழில் இருக்கும் தண்ணீரை அமிலம் இழுத்துக்கொள்ள, நுரை கண்ணெதிரே உடைந்து மறையும். ஆல்கஹால் தாங்கும் நுரைதான் வேண்டும். நூறு சதுர மீட்டர் தீக்கு, சதுர மீட்டருக்கு நிமிடம் 6.5 லிட்டர் வீதம் 15 நிமிடம் என்று கொண்டால், 9,750 லிட்டர் கரைசல் ஆகும். 6 சதவீதக் கலவையில் அதற்கு 585 லிட்டர் நுரைச்சாறு இருப்பில் இருக்க வேண்டும். இரண்டு கேன் வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறோம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: தீயணைப்பு வீரரின் வழக்கமான உடுப்பு வெப்பத்தைத் தடுக்கும், அமிலத்தைத் தடுக்காது. அருகே போகிறவருக்கு பியூட்டைல் ரப்பர் கையுறை, ரசாயன உடுப்பு, முதுகில் சுமக்கும் சுவாசக் கருவி மூன்றும் வேண்டும்.

உடலில் பட்டவருக்கு உடையைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் கழுவுவதுதான் வைத்தியம். சுண்ணாம்பு, சோடா, பற்பசை எதையும் தடவக்கூடாது. கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே 108-ல் ஏற்றுங்கள்.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பி.எச். சரியாகிவிட்டது என்று ஷட்டரைத் திறந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. சுண்ணாம்பு புளிப்பை எடுக்கிறதே தவிர, அசிட்டேட் உப்பு தண்ணீரிலேயே இருக்கும். நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது ஆக்சிஜனைக் காலி செய்யும். ஒரு கிலோ அமிலம் சிதைய ஏறக்குறைய 1.07 கிலோ ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ள தண்ணீரானால், ஒன்றரை லட்சம் லிட்டரில் இருப்பது முழுதும் அந்த ஒரு கிலோவுக்கே போய்விடும். பி.எச். ஏழு காட்டுகிற வாய்க்காலில் மறுநாள் மீன் செத்து மிதப்பது இதனால்தான். தேங்கிய நீரை அள்ளிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், திறப்பதற்கு முன் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும்.

1996-இல் வந்த ரசாயன விபத்து விதிகள், மாவட்ட நெருக்கடிக் குழு 45 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும், உள்ளூர் நெருக்கடிக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முழு ஒத்திகை நடத்த வேண்டும் என்கின்றன. அந்த ஒத்திகைகளில் ஒன்றை ஆலை மதிலுக்கு வெளியே, தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் நடத்துங்கள். லஸ்கரையும் கொள்முதல் நிலையப் பணியாளரையும் ஜேசிபி வைத்திருப்பவரையும் அதில் சேருங்கள். வழக்கமாக மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும். அந்த இடைவெளியில் வாய்க்கால் தரை தெரியும், எங்கே அணை போடலாம், எந்த ஷட்டர் துருப்பிடித்து இறங்க மறுக்கிறது என்பதை நடந்தே பார்த்துக் குறித்துவிடலாம். பழுதான ஷட்டர்களைத் திறப்பு நாளுக்குள் சரிசெய்ய நீர்வளத்துறை இந்த ஆண்டே நிதி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலகப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர்,
திருவாரூர்.