இளைக்க வைக்கும் சீனத் தேநீர்: பொட்டலத்தில் இருப்பது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடல் பருமனுக்குச் சீன மருத்துவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மூலிகைத் தேநீரையும் அக்குபங்சரையும் விரிவாகச் சொல்லிவிட்டு உணவை ஒரே வரியில் முடித்துக்கொண்டது. சீனாவில் வரிசை இதற்கு நேர்மாறு. அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2024இல் பெரியவர்களின் பருமனுக்காக வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தட்டுதான் முதலில் வருகிறது. வழக்கமாக உண்பதில் நாளுக்கு 500 முதல் 1,000 கலோரி வரை குறைக்க வேண்டும். ஆண்களுக்கு 1,200–1,500, பெண்களுக்கு 1,000–1,200 கலோரி போதும் என்கிறது. இலக்கு, ஆறு மாதத்தில் எடையில் 5 முதல் 10 சதவீதம். 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ. இரவு உணவு மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில். அதன்பின் தாகத்துக்குத் தண்ணீர்தான். உண்ணும் வரிசையிலும் காய்கறி முதலில், இறைச்சி அடுத்து, சோறு கடைசியில். சோற்றில் குழம்பைப் பிசைந்தே முதல் வாய் வைக்கும் நமக்கு இந்த வரிசை கொஞ்சம் கடினம். பொரியலும் கூட்டும் காலியான பிறகு சோற்றில் கை வைத்தால், சோறு தானாகவே குறையும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது.

மூலிகை இதற்குப் பிறகுதான் வருகிறது. அதுவும் ‘கொழுப்பைக் கரைக்கும் மூலிகை’ என்று ஒன்று அந்த மருத்துவத்தில் தனியாக இல்லை. அதே வழிகாட்டி பருமனை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஓயாத பசி, தாகம், மலச்சிக்கல், சிவந்த நாக்கில் மஞ்சள் படிவு: இது வயிற்றுச் சூடு. சோர்வு, ஊதிய உடம்பு, இளகிய மலம், வெளிறிய நாக்கின் ஓரத்தில் பல்தடம்: இது மண்ணீரல் பலவீனம். (சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்றால் செரிமான ஆற்றல், நம் உடற்கூற்றுப் பாடத்து உறுப்பு அல்ல.) முதலாமவருக்குப் பேதி தரும் தா ஹுவாங் என்ற வேர் ஓரளவு பொருந்தலாம். இரண்டாமவருக்கு அதைக் கொடுத்தால் இருக்கும் தெம்பும் போய்விடும். எல்லோருக்கும் ஒரே பொட்டலம் என்று விற்பது சீன மருத்துவத்தின் கணக்குப்படியே தவறு.

அப்படியானால் அந்தப் பொட்டலத்தில் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் நிலாவாரை இலை, அல்லது தா ஹுவாங். தா ஹுவாங் நம் நாட்டு மருந்துக் கடையின் ரேவல் சின்னிக்கு நெருங்கிய உறவு. நிலாவாரையும் தா ஹுவாங்கும் பெருங்குடலைத்தான் தூண்டுகின்றன. உணவின் கலோரியோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. தராசில் குறைவது நீர். கூடவே தசைக்கும் இதயத்துக்கும் வேண்டிய பொட்டாசியமும் போகிறது. அதிமதுரமும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மா ஹுவாங் என்ற சீன மூலிகை சேர்ந்த சரக்கு இன்னும் ஆபத்தானது. அதிலுள்ள எபிட்ரின் பசியை அடக்கும், இதயத்தையும் விரட்டும். அமெரிக்கா 2004இல் எபிட்ரின் வகைச் சத்து மாத்திரைகளைத் தடை செய்ததற்குக் காரணம் இதுதான்.

பிரஸ்ஸல்ஸில் நடந்ததைக் கட்டுரை சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஓர் எடைக் குறைப்பு மருத்துவமனையில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதில் குவாங் ஃபாங் ஜி கலந்துவிட்டது. பெயர்தான் ஒத்துப்போகிறது, செடி வேறு. பின்னதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். அவர்களில், செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரைப் பற்றி 2000இல் வெளிவந்த ஆய்வில், 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இது சீனச் சரக்குக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அல்ல. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் குவாங் ஃபாங் ஜி சேர்ந்த அதே அரிஸ்டோலோகியா செடி இனம்தான்.

சீட்டில் எழுதாத சரக்கும் உண்டு. இதயத்துக்குக் கேடு என்று 2010இல் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் சந்தைகளிலிருந்தும், அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்தும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கும் ரசாயன மருந்து, ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று விற்ற பொட்டலங்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. குடித்த இரண்டு மூன்று நாளிலேயே பசி அற்றுப்போய், வாய் உலர்ந்து, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்தால் அதில் ரசாயன மருந்து கலந்திருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும்.

அக்குபங்சரை நான் ஒதுக்கவில்லை. உணவுக் கட்டுப்பாட்டோடு சேரும்போது சிலருக்குப் பசி அடங்க உதவலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் தேர்வு, மெதுவான அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சியான தாய் சீ. ஹாங்காங்கில் 50 வயது தாண்டிய, தொப்பை உள்ள 543 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று 12 வாரம் தாய் சீ செய்தவர்களின் இடுப்புச் சுற்றளவு வழக்கமான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இணையாகக் குறைந்தது. குறைவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். மூட்டுவலியால் வேகமாக நடக்க முடியாதவர்களுக்கு அதுவே பெரிது.

ஏற்கெனவே இத்தகைய தேநீர் குடித்து வருபவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, பொட்டலத்தை எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், கல்லீரல் நொதிகள், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்திய வாரத்தில் மலம் கட்டும், எடையும் ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது திரும்பி வரும் நீர்தான். அதற்குப் பயந்து மறுபடியும் அந்தத் தேநீரைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் வாசகர் ஒருவர்