கார்த்திகை மழையில் நீ சொன்னது

அன்பு மகன்,

நீ மச்சானிடம் கொடுத்துவிட்ட சோனி ஹெட்போன் கண்ணகை அம்மன் சடங்குக்கு முதல் நாள் கைக்கு வந்தது. விலையை அவனிடம் கேட்டேன், வாயே திறக்கவில்லை. உனக்கென்ன அங்கே காசு மரத்திலா காய்க்கிறது? ஆனாலும் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசிகசாலைக்கு ஒருதரம் போனேன். யார் அனுப்பினது என்று நாலு பேர் கேட்டார்கள், சொன்னேன்.

களுதாவளை வெயிலுக்கு அரை மணித்தியாலம் போட்டால் காது அவிந்துபோகிறது, கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மறுபடி. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 30 மணித்தியாலம் என்றான் மச்சான், எனக்கு ஒரு கிழமைக்கு மேல் போகிறது. வெளியில் இருந்து வருகிற சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறதாம். அதனால் ஃபேன், மோட்டார் மாதிரி ஒரே சீராக உறுமுகிறதுதான் சுத்தமாகப் போகிறது. அம்மா குசினியில் சட்டியைப் போட்டால் கேட்கும், அவ ஏசுவதும் கேட்கும். வலது பக்க மூடியில் உள்ளங்கையை வைத்தால் பாட்டு தணிந்து வெளிச்சத்தம் உள்ளே வருகிறது, அது எனக்குப் பெரிய புதினம். ஆனால் கூடவே தேவாரம் முணுமுணுத்தால் பாட்டு நின்றுவிடுகிறது. நான் யாருடனோ கதைக்கிறேன் என்று நினைக்கிறதாம்.

நீயும் இப்படி ஒன்று வைத்திருக்கிறாய் என்றான் மச்சான். சத்தத்தைக் கூட்டி வைக்காதே. 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் காது தாங்குமாம், அதற்கு மேல் கூடாது. வெளிச்சத்தம் வராதபோது கூட்ட வேண்டிய தேவையும் இல்லைதானே. போட்டுக்கொண்டு றோட்டைக் கடக்காதே. கூட்டி வைக்காதே.

இதெல்லாம் கிளினிக்கில் டொக்டர் சொன்னது. ஏன் போனேன் என்று கேட்பாய். 27 வருஷம் மில்லில் நின்ற காது, மகன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்குவதில்லை. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

2003இல், சமாதான காலத்தில், பறுவ நிலவில், வாவியில் மீன் பாடுகிறதைக் கேட்க உன்னைத் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்துவிட்டு, மீன் பாடுது அப்பா, கேட்குதா என்று துள்ளினாய். கேட்குது என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மனே. அன்றைக்குத் தொடங்கினது இந்தப் பழக்கம். ஆர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவேன், சிரிப்பேன், ஓம் ஓம் என்பேன். அநேகமாகப் பொருந்திப்போகும்.

போன கார்த்திகையில் நீ எடுத்த கோல். தகரத்தில் மழை கொட்டுகிறது, தலைக்கு மேல் ஃபேன் வேறு. நீ கனநேரம் கதைத்தாய், உன் குரல் வழக்கம்போல இல்லை. மருமகளின் பெயர் ஒருதரம் வந்தது, "இனி" என்று ஒரு சொல் வந்தது, மிச்சம் ஒன்றும் பிடிபடவில்லை. திருப்பிச் சொல்லு என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, "நல்லது மகன், நல்லது" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். பிறகு "சரி அப்பா, வைக்கிறன்" என்றாய், அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத்தான் எடுக்கிறாய். கேட்டால் நல்லாயிருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவ அடுப்படிக்குப் போய்விடுகிறா. தைப்பொங்கலுக்கு நீ அனுப்பின படத்தில் நீ தனியாக நிற்கிறாய். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று மச்சானை அடுத்த அறையிலிருந்து கோல் எடுக்கச் சொல்லி, இதைப் போட்டுக்கொண்டு கதைத்துப் பார்த்தேன். இரண்டு காதிலும் அவன் குரல்தான், ஃபேன் இருந்த இடமே தெரியவில்லை. மூன்று சொல் விட்டுப்போனது, திருப்பிக் கேட்டேன், சொன்னான். கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு எடு, உனக்கு வியாழன் இரவு 9.30. அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து சொல்லு, மெல்லமாகச் சொல்லு. அம்மா அந்த நேரம் பிள்ளையார் கோயிலில் இருப்பா.

அப்பா