பொருள்: கண்ணாடி உருண்டை ஆர்டர், 24-ல 9 உடைஞ்சு வந்தது, மீதி 15 கண்ணாடியே இல்ல

வணக்கம் சார்,

இது என் ஆறாவது மெயில். ஃபிரோசாபாத்ல வாயால ஊதி கையால செஞ்ச கிறிஸ்துமஸ் ட்ரீ உருண்டைன்னு போட்டிருந்தீங்க, அதை நம்பித்தான் 2,880 ரூபா கட்டினேன், இல்லன்னா சிவாஜிநகர்லயே வாங்கியிருப்பேன்.

பெட்டிய திறந்தா ஒரே ஒரு சுத்து நியூஸ் பேப்பர், 9 உருண்டை தூள், என் பொண்ணுக்கு விரல்ல கீறிடுச்சு. மீதி பதினஞ்சுல நடுவுல ஒட்டுன கோடு தெரியுது, நகத்தால சுரண்டினா வெள்ளி உரிஞ்சு கையில வருது, அடியில பிளாஸ்டிக். கண்ணாடி உருண்டைக்கு வெள்ளிய உள்பக்கம்தானே ஊத்துவாங்க, வெளிய சுரண்டினா எப்படி வரும்? விக்கிற உங்களுக்கு இது தெரியாதா? எங்கம்மா கேஜிஎஃப்ல இருந்தப்ப வாங்கின உருண்டை ஒண்ணு வீட்ல இருக்கு, 40 வருஷம் ஆச்சு, இன்னைக்கும் முகம் பாக்கலாம்.

பிக்கப் மூணு தடவை கேன்சல். நேர்ல கொண்டுவாங்கன்னு உங்க ஆள் சொன்னதால லீவு போட்டு லிங்கராஜபுரத்துலேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் ஆட்டோல போனேன், சில்க் போர்டுலயே ஒரு மணி நேரம், பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு. கேட்லயே செக்யூரிட்டி இங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாரு. போக வர 1,400 ரூபா!

அதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர்ல ஒருத்தரு, தமிழ்லயே, "கண்ணாடின்னா உடையத்தாம்மா செய்யும், பிளாஸ்டிக் வாங்கியிருக்கலாமே"ன்னு சொன்னாரு. பிளாஸ்டிக்தான்யா வந்திருக்குன்னு நான் சொல்லிட்டிருக்கும்போதே போனை வெச்சுட்டாரு. என் வயசுக்காவது மரியாதை வேணாமா? அந்த கால் ரெக்கார்டிங்கை நீங்களே கேட்டுப் பாருங்க.

லீவு, அலைச்சல், மன உளைச்சல் எல்லாம் சேத்தா எனக்கு அம்பதாயிரத்துக்குக் குறையாம நஷ்டம். இந்த வருஷ கிறிஸ்துமஸே போச்சு. கேரல் பாட வர்றவங்க முன்னாடி மொட்டை மரத்தையா நிறுத்துறது?

2020 இ-காமர்ஸ் ரூல்ஸ்படி புகாரை 48 மணி நேரத்துல ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். எனக்கு வந்ததெல்லாம் ஆட்டோ ரிப்ளை. தயவு செஞ்சு வெள்ளிக்கிழமைக்குள்ள முழு பணத்தையும் ஆட்டோ காசையும் அனுப்பிடுங்க, உங்க கிட்ட சண்டை போட எனக்கு ஆசையில்ல. அனுப்பலன்னா கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் போடுவேன், அப்புறம் கன்ஸ்யூமர் கோர்ட்தான், விடமாட்டேன்.

சுரண்டின உருண்டையோட வீடியோவும் போட்டோ ஏழும் மறுபடியும் அட்டாச் பண்ணியிருக்கேன், இந்த தடவையாவது திறந்து பாருங்க.

இப்படிக்கு,
லிங்கராஜபுரம் கஸ்டமர், பெங்களூரு