எண்ணுகுச்சிக்கும் பெயர் ஒட்டித் தந்தவர்களுக்கு

டோக்கியோவின் நிஷி-கசாயிலிருந்து எழுதுகிறேன். இந்த மார்ச்சில் மகன் இரண்டாம் வகுப்பை முடிக்கிறான். நாங்கள் இங்கே வந்தும் இரண்டு வருஷம் ஆகிறது. இடையில் கை கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. என் ஜப்பானிய மொழியோ நன்றி சொல்லும் ‘அரிகாதோ’வைத் தாண்டி அதிகம் போகாது. சரி, எனக்கு வரும் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடி அக்கா எல்லாருக்கும் படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதல் நன்றி அந்த அக்காவுக்கே. பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கணக்குப் பெட்டி ஒன்று வந்தது. எண்ணுகுச்சி, வண்ண வில்லை, பொம்மைக் கடிகாரம் என்று உள்ளே ஏகப்பட்ட பொடிச் சாமான். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டுமாம். “பெட்டி மேலே எழுதினால் போதாதா அக்கா?” என்றேன். போதாது. குச்சிக்குத் தனி, வில்லைக்குத் தனி. அன்று ராத்திரி பதினொன்று வரை இருவரும் தரையில் உட்கார்ந்து, புருவம் திருத்தும் இடுக்கியால் நகத்தைவிடச் சின்ன ஸ்டிக்கர்களை ஒட்டினோம். அவர் வீட்டில் அன்று சமையலே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வகுப்பைத் துடைக்க, பழைய துண்டை மடித்துத் தைத்த துணி இரண்டும் கேட்டிருந்தார்கள். என்னிடம் தையல் மிஷின் இல்லை. கீழ்வீட்டு ஜப்பானியப் பாட்டி சைகையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, மறுநாளே தைத்து வாசலில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

வகுப்பாசிரியைக்கு என்ன சொல்ல? வீட்டில் வாயாடியாக இருக்கிறவன், முதல் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவில் “ஹை” என்று சொல்ல வேண்டும். இவன் கையை மட்டும் தூக்குவான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். ஒருநாளும் “சொல்லு” என்று நெருக்கவில்லை. தொடர்பு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுவார், எனக்குச் சிரமம் வேண்டாம் என்று, குழந்தைகள் முதலில் கற்கும் எளிய எழுத்தான ஹிராகனாவில் மட்டும். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் முழு வரி: இன்று சுத்தம் செய்யும்போது சிரித்தான்.

இங்கே பிள்ளைகள்தான் வகுப்பறையைத் துடைக்கிறார்கள். ஊரிலிருந்து மாமியார் போனில், “அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போய்ப் பிள்ளையைத் தரை துடைக்க விடுறாங்களா?” என்று கேட்டார். எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஈரத்துணியை இரு கையாலும் அழுத்திக் குனிந்து, வரிசையாக நின்று ஓட்டப்பந்தயம் போல ஓட மொழி எதற்கு? முதல் நண்பன் அங்கேதான் கிடைத்தான்.

எங்கள் வீடு சைவம். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில்கூட மீன் சாறு இருக்கும் ஊர் இது. பள்ளியின் உணவு வல்லுநர் அம்மா மாத உணவுப் பட்டியலில் மீன் சாறு சேரும் நாட்களையெல்லாம் மஞ்சள் பேனாவால் குறித்துத் தந்தார். அந்த நாட்களில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன்.

தனியாக ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கும் நன்றி. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் முதல் வகுப்புக்கு 80, இரண்டாவதுக்கு 160 என்று கேட்டதுமே எனக்குத் தலை சுற்றியது. அவனோ “அ, இ, உ, எ, ஒ-ன்னுதாம்மா இங்கேயும் ஆரம்பிக்குது” என்று ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தான். வினை கடைசியில் வருவதும் நம்மைப் போலத்தான். அதற்கப்புறம் பயம் பாதி போயிற்று.

பிள்ளைகள் சாலையைக் கடக்க, மழையிலும் மஞ்சள் கொடியோடு நிற்கும் தாத்தாவை மறக்கவில்லை.

இன்னொருத்திக்கு இந்த மடல் போய்ச் சேர வழியில்லை. முதல் நிலநடுக்கப் பயிற்சியன்று ஒலிபெருக்கி திடீரென அலறியதும் இவன் உறைந்து நின்றுவிட்டான். பக்கத்து இருக்கைச் சிறுமி, நாற்காலியில் இருந்த, தலையைக் காக்கும் பஞ்சுத் தொப்பியை இவன் தலையில் கவிழ்த்து, கையைப் பிடித்து மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாளாம். இவன் அதைச் சொன்னதே ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் அவர்கள் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார்கள்.

ஏப்ரலுக்கு மறுபடி இரண்டு துடைக்கும் துணி கேட்டிருக்கிறார்கள். பாட்டி, இந்தத் தடவை நானே தைக்கிறேன். மிஷினை மட்டும் ஒரு மணி நேரம் இரவல் கொடுங்கள்.